ஜீப் சத்தம் ஓயும் வரை

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, கதை எழுதிப் பழக்கமே இல்லாத நான் பேனாவை எடுத்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. வாசிப்பவர்கள் முதலில் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்லில் பிழை இருந்தால் அது என்னுடையது. நடந்ததில் பிழை யாருடையது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. திருப்பூரில் பனியன் தைத்துப் பிழைத்த நாகஜோதி என்ற பெண்ணின் கதை இது. இனி என்னை மறந்துவிட்டு அவளைப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டால் நாகஜோதிக்கு ஒரு கண் ஊசியின் மேல் இருக்கும். மற்றொரு கண் சுவரோரத்து மூலையின் மேல் இருக்கும். வெட்டிக் கழித்த பனியன் துணி குவிந்து கிடக்கும் அந்த மூலையில்தான் அவளுடைய மகன் மாதவன் விளையாடிக்கொண்டிருப்பான். இரண்டரை வயது. அவன் மட்டுமல்ல, அந்தக் கம்பெனியில் தைக்கும், மடிக்கும், பிசிறு வெட்டும் பெண்களின் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதுதான் இடம். நடை பழகாதவற்றைத் துணிக்குவியலின் மேல் படுக்கவைப்பார்கள். நடை பழகியவற்றின் இடுப்பில் ரிப் துணியைப் பட்டையாகக் கிழித்துக் கட்டி, மறுமுனையை மேசைக் காலில் முடிந்துவிடுவார்கள். ரிப் துணி இழுத்த இழுப்புக்கு நீளும். பிள்ளை நாலடி நடக்கும். அதற்கு மேல் போனால் துணி அதை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டுவிடும். வலிக்காது என்றுதான் எல்லாத் தாய்மார்களும் சொல்லிக்கொண்டார்கள்.

வேறு வழியும் இருக்கவில்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அவளுடையது. கணவன் இசக்கிமுத்து சாயப்பட்டறையில் வேலை பார்த்தான். வீட்டுக்கு வந்தால் தூங்கத்தான் வருவான். கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வரமுடியும். பால்வாடியையோ மாலை நான்கு மணிக்குள் பூட்டிவிடுவார்கள். தனியார் நடத்தும் குழந்தைகள் காப்பகம் ஒன்று பெரிய சாலையில் இருந்தது. அங்கே கேட்ட கட்டணத்தைக் கொடுப்பதென்றால் அவள் வேலைக்குப் போவதே வீண்.

அந்தக் கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், மெஷினை ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். நூல் வெட்டும் டிரிம்மரை யாரோ தரையில் விட்டிருக்கிறார்கள். மாதவன் அதன் கூர்முனையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். அதட்டினால் கடித்துவிடுவானே என்று பயந்து, சிரித்தபடி அருகில் போய், தாடையை மெல்லப் பிடித்து வாங்கினாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்துப் பீஸ் தைப்பதற்குள் இரண்டு முறை எழுந்துவிடுவாள். உட்கார்ந்தால் கால் பெடலின் மேல் நிற்காது. காண்ட்ராக்டர் லிங்கசாமி அவளுடைய மெஷினருகே வந்து நின்று, பண்டல் தேங்குகிறதே என்று மரியாதையாகத்தான் கேட்பார். அந்த மரியாதை அவளை இன்னும் பதற வைக்கும்.

இந்த இடத்தில் ஜீப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்பெனிக்குள் பிள்ளைகள் இருப்பது அதிகாரிகளுக்குத் தெரிந்தால் முதலாளிக்குத் தொல்லை. ஆகவே லிங்கசாமி ஓர் ஏற்பாடு செய்திருந்தார். அரசாங்க ஜீப் எதுவாவது பெரிய சாலையிலிருந்து திரும்பினால், முனையில் பேக்கரி வைத்திருப்பவர் அவருடைய செல்போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். லிங்கசாமி மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போடுவார். விளக்கு அணைந்து எரிந்தால் பெண்கள் கட்டுகளை அவிழ்த்துப் பிள்ளைகளைப் பின்வாசல் வழியே சோளக்காட்டுக்குள் அனுப்பிவிட வேண்டும். கைக்குழந்தைகளை மட்டும் இரண்டு பெண்கள் தூக்கிக்கொண்டு போவார்கள்.

முதலில் பிள்ளைகள் காட்டுக்குள் போய் அழுதன. அழுகையை நிறுத்த வழி கண்டுபிடித்தவள் நாகஜோதிதான். அவள் அதை விளையாட்டாக ஆக்கினாள். சத்தம் போட்டால் அவுட். வெளியே தலை காட்டினால் அவுட். யார் கூப்பிட்டாலும், பெற்ற தாயே கூப்பிட்டாலும் வரக்கூடாது. ஜீப் திரும்பிப் போகும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் வரவேண்டும். அப்படி வந்தவர்களுக்கெல்லாம் தேன் மிட்டாய். தாய் கூப்பிட்டாலும் என்ற விதியை அவள் காரணத்தோடுதான் சேர்த்தாள். முன்பொரு முறை ஒருத்தி, ஜீப் போய்விட்டது என்று நினைத்து அவசரப்பட்டுக் கூப்பிட்டுவிட, எல்லோரும் மாட்டிக்கொள்ள இருந்தார்கள்.

விளையாட்டு பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் குடியிருந்த காம்பவுண்டிலும் அதையே விளையாடினார்கள். பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளின் மகள் ஜோதிகாதான் தலைவி. நாலரை வயதில் நாற்பது வயதுப் பேச்சு. லிங்கசாமிக்கும் மகிழ்ச்சி. “உங்களையே சூப்பர்வைசராப் போட்டுக்கலாமாட்ட இருக்குதுங்க” என்று ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். நாகஜோதிக்கு அன்று பெருமையாகக் கூட இருந்தது.

டிரிம்மர் விஷயத்துக்குப் பிறகு அவள் பால்வாடி டீச்சர் மயிலாளிடம் போய் நின்றாள். மயிலாள் அந்த ஊர்க்காரர், மனம் இளகியவர். இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள முடியாதா என்று நாகஜோதி கேட்டதற்கு அவர் வருத்தப்பட்டார்.

“நான் வெச்சுக்குவனுங்க, எனக்கென்ன வந்துது. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? அதுக்குன்னே வேலைக்குப் போறவங்க கொழந்தைகளுக்குக் காப்பகம் தொறக்கறாங்களாமா. ஷிப்டு உடற வரைக்கும் இருக்குமாமா. எங்க பால்வாடி ஆபீசுல போயிக் கேளுங்க. கேக்கறதுக்கு என்ன வெக்கம்?”

நாகஜோதி கேட்டாள். அந்த அலுவலகத்தில் தமிழ்மதி என்ற இளம் அதிகாரி இருந்தார். அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிப் பேசிய முதல் அரசாங்கத்துக்காரர் அவர்தான். காப்பகம் உண்டு, கட்டணம் பெயருக்குத்தான், இரண்டு ஆயாக்கள் இருப்பார்கள், இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் என்று அவர் விளக்கினார். ஆனால் ஓரிடத்தில் இருபத்தைந்து பிள்ளைகள் இருக்க வேண்டும். அதையும் அவர் கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டும். போன வருடம் வேறோர் ஊரில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை இரவல் வாங்கி உட்கார வைத்து ஏமாற்றிவிட்டார்களாம். அதிலிருந்து மேலிடம் கறாராக இருக்கிறதாம். பகலில் பிள்ளைகளை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் கேட்டார்.

“அக்கம்பக்கத்துல பாத்துக்கிடுதாங்க மேடம்” என்றாள் நாகஜோதி. அவள் பார்வை மேசையின் மேல் இருந்தது.

அடுத்த புதன்கிழமை பதினொரு மணிக்கு ஸ்கூட்டியில் காம்பவுண்டுக்கு வருவதாகத் தமிழ்மதி சொன்னார்.

அதற்குப் பிறகு நாகஜோதி ஓரிடத்தில் நின்றவளல்ல. வீடு வீடாகப் போனாள். தண்ணீர்க் குழாயடியில் பேசினாள். கம்பெனிச் சாப்பாட்டு நேரத்தில் பேசினாள். பிள்ளைகளைப் புதன்கிழமை காலை மட்டும் கம்பெனிக்குக் கொண்டுபோக வேண்டாம், தன்னிடம் விட்டுப் போங்கள் என்று கெஞ்சினாள். பெண்கள் தயங்கினார்கள். அதிகம் தயங்கியவள் பாண்டியம்மாள்.

“சர்க்காருக்கு நம்ம பிள்ளைக மேல என்னடி திடீர்ப் பாசம்? இன்னைக்கு அதுக தலைய எண்ணுவாய்ங்க. நாளைக்கு நம்மள எண்ணி வெளிய தள்ளுவாய்ங்க. உசிலம்பட்டிலேர்ந்து நான் இதுக்கா வந்தேன்?”

நாகஜோதி மாரியம்மன் மேல் சத்தியம் செய்தாள். கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து வராது என்றாள். டிரிம்மர் கதையைத் திரும்பவும் சொன்னாள். கடைசியில் பாண்டியம்மாள், “எம் பிள்ளைய ஒன்ன நம்பித்தான் விடுறேன், பாத்துக்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒப்புக்கொண்டாள். அவள் ஒப்புக்கொண்டதும் மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். மகனுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி நாகஜோதி அரை நாள் விடுப்பு வாங்கினாள்.

புதன்கிழமை காலை காம்பவுண்டு கல்யாண வீடு போல இருந்தது. குளித்துப் பவுடர் பூசிய பிள்ளைகள் பொதுத் தண்ணீர்த் தொட்டியருகே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நாகஜோதி எண்ணினாள், இருபத்தேழு. உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி எண்ணினாள். ஒருவனுக்கு மூக்கைத் துடைத்தாள். ஒருத்தியின் ரிப்பனை அவிழ்த்துக் கட்டினாள். ஸ்கூட்டிச் சத்தம் கேட்கிறதா என்று வாசலுக்குப் போய்ப் போய் வந்தாள். பதினொன்று ஆகியும் வரவில்லை. தாய்மார்கள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தால் தங்கள் பிள்ளைகளைக் கையோடு கொண்டுபோய்விடுவார்களே என்ற கவலை அவளை அரித்தது.

தமிழ்மதி அன்று ஸ்கூட்டியில் வரவில்லை. பிள்ளைகளை எடை பார்த்தால் நல்லது என்று தோன்றியிருக்கிறது. எடை பார்க்கும் கருவியும் இரண்டு மூட்டைச் சத்துமாவும் கொண்டுவர வேண்டுமென்று, அலுவலகத்தில் கேட்டு வாங்கி ஜீப்பில் வந்தார்.

சந்தில் ஜீப் திரும்பும் சத்தம் நாகஜோதியின் காதில் விழுவதற்கு முன் ஜோதிகாவின் காதில் விழுந்துவிட்டது. “ஜீப்புடா!” என்றாள். அவ்வளவுதான். பாயில் தவழும் குழந்தைகள் மட்டுமே மிச்சம். பவுடரும் ரிப்பனும் பின்சுவர்ச் சந்து வழியாகப் பாய்ந்து, கம்பெனிக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே இருந்த அதே சோளக்காட்டுக்குள் மறைந்தன. நாகஜோதி மாதவனின் கையை எட்டிப் பிடித்தாள். அவன் அவள் கையைக் கடித்துவிட்டு ஓடினான். விளையாட்டில் தாயும் எதிரிதான் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவளே.

தமிழ்மதி இறங்கிப் பாயைப் பார்த்தார்; காலியான முற்றத்தைப் பார்த்தார். பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். இதோ இங்கேதான், இதோ கூப்பிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே நாகஜோதி காட்டோரம் ஓடினாள். பெயர் பெயராகக் கூப்பிட்டாள். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற சோளத்தட்டு அசையவே இல்லை. அவள் கத்தக் கத்த உள்ளே இன்னும் அமைதியாயிற்று. டிரைவர் உதவி செய்வதாக நினைத்துக் காட்டுக்குள் இறங்கினார். காக்கிச் சட்டையைக் கண்டதும் பிள்ளைகள் இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டன. ஒன்றிரண்டு பேரை நாகஜோதி கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவர்களை விட்டுவிட்டு அடுத்தவனைப் பிடிக்கப் போவதற்குள் அவர்கள் மறுபடி ஓடினார்கள்.

திரும்பிப் பார்த்தபோது தமிழ்மதியின் முகம் மாறியிருந்தது. கோபம் இல்லை, சலிப்பு. போன வருடத்து ஊரை அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று நாகஜோதிக்குப் புரிந்துவிட்டது. பேனாவை மூடி, எடைக் கருவி வண்டியிலேயே இருக்கட்டும் என்று டிரைவரிடம் சொன்னார். நாகஜோதி ஓடிவந்து அவர் முன் நின்றாள்.

“மேடம், வண்டிய மட்டும் மெயின் ரோடு வரைக்கும் போகச் சொல்லுங்க. நீங்க இங்கன நில்லுங்க. வண்டி போயிட்டா வந்துருவாங்க.”

ஏன் என்று தமிழ்மதி கேட்டார். வண்டியைக் கண்டால் பயம் என்றாள். அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு டிரைவரிடம் தலையசைத்தார்.

ஜீப் சந்தைத் தாண்டியது. சத்தம் தேய்ந்து ஓய்ந்தது. சோளக்காடு சலசலத்தது. முதலில் ஜோதிகா வந்தாள். அவளுக்குப் பின்னால், தலையில் சோளத் தூசியும் முகத்தில் வெற்றியுமாக, அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். தமிழ்மதியும் சிரித்துவிட்டார். டிரைவருக்குப் போன் செய்து, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு எடைக் கருவியை மட்டும் எடுத்து வரச் சொல்லி, பிள்ளைகளை எண்ணி, எடை பார்த்து, ஒவ்வொரு பெயராக எழுதினார். கணக்குச் சரியாக வந்தது. நாகஜோதி சுவரில் சாய்ந்தாள். கார்த்திகையிலிருந்து நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்த பாரம் அப்போதுதான் கொஞ்சம் நகர்ந்தது.

ஜோதிகா அதிகாரியின் முன் போய்க் கையை நீட்டினாள்.

“நாங்கதான ஜெயிச்சோம், முட்டாய் குடுங்க.”

என்ன விளையாட்டு என்று தமிழ்மதி குனிந்து கேட்டார்.

“ஜீப்பு வெளாட்டு. இன்னைக்கு லிங்கசாமி மாமா லைட்ட அமத்தல, நாங்களே ஓடிட்டோம். கம்பெனில இருந்தா லைட்ட அமத்துவாரு. அப்ப அம்மா கட்ட அவுத்து விடும்.”

“என்ன கட்டு, கண்ணு?”

ஜோதிகா கவுனைத் தூக்கிக் காட்டினாள். அரைஞாண் கயிற்றுக்கு மேலே இடுப்பைச் சுற்றி அகலமாக ஒரு தடம், தோல் கறுத்துத் தடித்திருந்தது. தமிழ்மதி மற்றொரு பிள்ளையின் சட்டையை விலக்கினார். பிறகு மாதவனுடையதை. பிறகு நிமிர்ந்து நாகஜோதியிடம், இது உண்மையா என்று மட்டும் கேட்டார்.

சின்னப் பிள்ளை ஏதோ உளறுகிறது என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் அவள் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது மகனின் இடுப்பை. தினமும் குளிப்பாட்டும் இடுப்புத்தான். அன்று அதை வேறொருவரின் விரலுக்குக் கீழே பார்த்தாள்.

“ஆமா மேடம்” என்றாள். சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. மூலை, மேசைக் கால், மிஸ்டு கால், டிரிம்மர், எல்லாம் வந்துவிட்டன. எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் மாரியம்மன் நினைவுக்கு வந்தாள். கம்பெனி பெயரை எழுத வேண்டாம், பெண்களின் பிழைப்புப் போய்விடும் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

தமிழ்மதியின் கண் கலங்கியிருந்தது. “பேரு எழுத மாட்டேன். ஆனா பிள்ளைங்க எப்படி இருக்காங்கன்னு எழுதினாத்தான் உங்களுக்கு முதல்ல கிடைக்கும். நான் பாத்துக்கறேன்” என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. கம்பெனியின் பெயரை அவர் எழுதவில்லை. காம்பவுண்டின் பெயரை எழுதினார். அதை எழுதாமல் காப்பகம் கேட்க முடியாது. அந்தக் காம்பவுண்டுக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு கம்பெனி. அவருடைய அறிக்கை மேலே போய், அங்கிருந்து தொழிற்சாலைகளைச் சோதிக்கும் துறைக்கும் ஒரு பிரதி போயிற்று.

பொங்கல் கழிந்து சில நாட்களில் அதிகாரிகள் வந்தார்கள். பேக்கரிக்காரர் மிஸ்டு கால் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு ஜீப் எதுவும் திரும்பவில்லை. வண்டியைப் பெரிய சாலையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார்கள். மூலையில் பிள்ளைகள் கட்டுண்டபடியே இருந்தார்கள்.

மறுநாள் லிங்கசாமி கேட்டருகே நின்றார். எல்லோரிடமும் அதே மரியாதை.

“கொழந்தை வெச்சிருக்கறவங்க இனி வரவேண்டாமுங்க. என்னையத் தப்பா நெனைக்காதீங்க. மொதலாளி சொல்லீட்டாருங்க, நான் என்ன பண்றது?”

பாண்டியம்மாள் காம்பவுண்டுக்கு வந்து நேராக நாகஜோதியின் வாசலில் நின்றாள். ஜோதிகா உளறியதையும் நாகஜோதி ஆமா என்றதையும் முந்தின இரவு பிள்ளையிடமே கேட்டு அறிந்திருந்தாள். அதனால் கோபம் இரட்டிப்பாயிருந்தது.

“எம் பிள்ளைக்கு நாலு வயசு, அது ஒளறும். ஒனக்கு எத்தன வயசுடி? இல்லன்னு ஒரு வார்த்த சொல்ல வாய்க்கு வலிச்சிருச்சா? ஒம் பிள்ளைக்கு எடம் தேடப் போயி எங்க எடத்தையெல்லாம் காலி பண்ணிட்டியே.”

நாகஜோதி இரண்டு நாள் தெருவில் நடந்தாள். கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள். கையில் பிள்ளையோடு போன இடத்தில் எல்லாம் செக்யூரிட்டியே திருப்பி அனுப்பினார். விஷயம் அந்தப் பக்கம் முழுவதும் பரவியிருந்தது. ஒவ்வொரு குடும்பமாகக் காம்பவுண்டைக் காலி செய்தது. சிலர் சோமனூர்ப் பக்கம் தறிக்குடோன்களுக்குப் போனார்கள். சிலர் ஊருக்கே திரும்பினார்கள். இசக்கிமுத்து மாதவனைத் தன் அக்கா வீட்டில் விட்டுவர சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறினான். பஸ் கிளம்பும்போது பிள்ளை ஜன்னல் வழியாகக் கையாட்டினான். அவனுக்குப் பஸ் பிடிக்கும்.

காப்பகத்துக்கு உத்தரவு பங்குனியில் வந்தது. தமிழ்மதியே ஸ்கூட்டியில் எடுத்துக்கொண்டு வந்தார். பூட்டிய கதவுகளைப் பார்த்துக்கொண்டே நடந்து, கடைசி வீட்டில் நாகஜோதியைக் கண்டார். மாதவன் எங்கே என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் நெடுநேரம் தாளைக் கையில் மடித்து மடித்துப் பிரித்தார்.

“நான் நல்லதுக்குத்தான் எழுதினேன்.”

“தெரியும் மேடம். நாந்தான சொன்னேன்.”

இருபத்தைந்து பிள்ளைகள் அங்கே இப்போது இல்லை. ஒன்பது பேரே மிஞ்சியிருந்தார்கள். உத்தரவு அவிநாசிக்குப் பக்கத்தில் வேறோர் இடத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே காப்பகம் நன்றாக நடக்கிறது என்று மயிலாள் சொல்லக் கேள்வி.

இழந்தவை இவை. நாகஜோதிக்கும் பாண்டியம்மாளுக்கும் அவர்களோடு இருந்த பெண்களுக்கும் அந்தக் கம்பெனி வேலை. அந்தக் காம்பவுண்டுக்கு அதன் குடும்பங்களில் பெரும்பாதி. பிள்ளைகளுக்கு, வர இருந்த காப்பகம். இரண்டு பெண்களுக்கு அவர்களுடைய பேச்சுவார்த்தை. தமிழ்மதிக்கு, நல்லதை எழுதினால் நல்லதே நடக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு பகுதி. மாதவனுக்கு, தாயோடு கழிந்திருக்க வேண்டிய மூன்றாவது வயது.